அடிபடாத இடத்தில் தழும்பு

அன்புள்ள கயலுக்கு,

உன் மெசேஜ் வந்தது. ஹாஸ்டல் தோழிக்குச் சிறுநீரக பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட்டில் எஃப்.எஸ்.ஜி.எஸ். என்று போட்டிருக்கிறது, தழும்பு விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவள் கீழே விழவில்லை, ஆபரேஷனும் நடக்கவில்லை, பிறகு உள்ளே தழும்பு போட்டது யார் என்று கேட்டிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கேள்வி என்று மெச்சியிருப்பேன். கேள்விக்குக் கீழே நீயே இரண்டு விடை எழுதி, எது சரி என்று என்னை டிக் அடிக்கச் சொல்லியிருக்கிறாய். ஒன்று, ஏதோ கிருமி உள்ளே புகுந்து கடித்திருக்கிறது. இரண்டு, ஹாஸ்டல் சாப்பாட்டு உப்பு நாள்பட சேர்ந்து அடைத்துக்கொண்டது. இரண்டும் தப்பு. பரீட்சை எழுதி எழுதி உனக்கு உலகமே சரியான விடையைத் தேர்ந்தெடு என்று ஆகிவிட்டது.

தழும்பைப் போட்டது அவளுடைய சிறுநீரகத்தின் சொந்த செல்கள். முதல் அடி வெளியிலிருந்து வந்திருக்கலாம்: ஒரு வைரஸ், ஒரு மருந்து, ரத்தத்தில் ஓடும் தவறான எதிர்ப்பொருள், சர்க்கரை. சிலருக்குப் பிறப்பிலேயே ஒரு மரபணுக் கோளாறு. ஆனால் தழும்பை நெய்வது அங்கேயே குடியிருக்கும் செல்கள்தான். அதைக் கெட்ட எண்ணத்தோடு அவை செய்யவில்லை. உடைந்ததைச் சரிசெய்யப் போனவை, நிறுத்தத் தெரியாமல் செய்துகொண்டே இருந்தன. உடனே "அப்போ கேன்சரா?" என்று அடுத்த மெசேஜைத் தட்டாதே. இல்லை. பொறுமையாகப் படி.

பதினொன்றாம் வகுப்பில் கிளாமருலஸ் படம் வரைந்து பாகம் குறித்தாயே, அது மிச்சம் இருக்கிறதா? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் உண்டு. ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள தந்துகிச் சுருள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராகிறது. மிச்சத்தை நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சிவிடும்.

இந்த இடத்துக்கு வந்ததும் எல்லோரும் காபி ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உன் இரண்டாவது விடையும் அங்கிருந்துதான் வந்தது. ஃபில்டர் கெட்டால் அடைத்துக்கொள்ளும். கிளாமருலஸ் கெட்டால் முதலில் ஒழுகும். ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் சிறுநீரில் இறங்கி, சிறுநீர் நுரைக்கும். அதைவிட முக்கியம், ஃபில்டரின் தகடு வெறும் உலோகம். ஓட்டை பெரிதானால் தன்னைத் தானே தைத்துக்கொள்ளப் பார்க்காது. கிளாமருலஸ் பார்க்கும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

அந்தச் சுருளுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தந்துகியின் உள்பக்கம், ரத்தத்தைத் தொட்டுக்கொண்டு, துளைகள் நிறைந்த என்டோதீலிய செல்கள். அதற்கு வெளியே அடித்தளச் சவ்வு. இது செல் அல்ல, செல்கள் சுரந்த மெல்லிய விரிப்பு. சவ்வின் வெளிப்பக்கத்தில் கால்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பது போடோசைட். தந்துகி வளையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து போகாமல் நடுவிலிருந்து இழுத்துப் பிடிப்பது மெசாஞ்சியல் செல். இவ்வளவையும் சுற்றியிருக்கும் பௌமானின் கிண்ணத்துக்கு உள்பூச்சாக இன்னொரு வகை உண்டு, பாரைட்டல் செல். அந்தக் கிண்ணத்தை வில்லியம் பௌமான் லண்டனில் 1842-ல் விளக்கி எழுதினார். அதற்குப் பின் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக அந்த உள்பூச்சு செல்லை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அது பின்னால் வரும்.

தழும்பு என்ன சரக்கு? பெரும்பாலும் கொலாஜன், கூடவே ஃபைப்ரோனெக்டின் போன்ற சில புரதங்கள். "கொலாஜன் நல்லதுதானே, முகத்துக்குப் பூசுகிறார்களே" என்பாய். நல்லதுதான். அடித்தளச் சவ்வே நான்காம் வகைக் கொலாஜன் பின்னல்தான். தழும்பில் அது அளவுக்கு மீறிக் குவிகிறது. போதாததற்கு, அங்கே வழக்கமாக இல்லாத முதலாம், மூன்றாம் வகைகளும் வந்து சேர்கின்றன. நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்தது இந்தக் காட்சியைத்தான். பி.ஏ.எஸ். சாயம் போட்ட ஸ்லைடில், ரத்தம் ஓட வேண்டிய துவாரங்கள் இருக்கும் இடத்தில் அடர்ந்த ரோஜா நிறத்தில் ஒரு திட்டு. துவாரம் மூடியிருக்கும். அந்த மூலையில் இனி வடிகட்டல் கிடையாது.

முதலில் மெசாஞ்சியல் செல்லைப் பார்ப்போம், ரொம்ப நாள் எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழுந்தது. தன்னைச் சுற்றியுள்ள பின்னலை அது தானே சுரக்கும், தானே கரைக்கவும் செய்யும். இரண்டும் சரியாக இருக்கிற வரை அளவு மாறாது. சர்க்கரை நோயில் சுரப்பது கூடுகிறது, கரைப்பது குறைகிறது. வருஷக்கணக்கில் அப்படியே போனால் பின்னல் உருண்டை உருண்டையாகத் திரண்டு பக்கத்துத் தந்துகிகளை நெருக்கும். பால் கிம்மல்ஸ்டீல், கிளிஃபர்ட் வில்சன் என்ற இருவரும் 1936-ல் விவரித்த முடிச்சுகள் இவைதான். இன்றும் அவர்கள் பெயரில்தான் ரிப்போர்ட் எழுதுகிறார்கள். ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதியில் வேறு கதை. பாரிஸில் ஜான் பெர்ஜே 1968-ல் காட்டியபடி, ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள் வந்து மெசாஞ்சியத்தில் படிகிறது. அந்தச் செல்கள் எரிச்சலடைந்து பெருகுகின்றன, பிறகு சுரக்கின்றன.

"அப்படியானால் அதுதான் குற்றவாளி" என்று ஃபைலை மூடாதே. எலியில் ஒரு சோதனை உண்டு. மெசாஞ்சியல் செல்லைத் தாக்கும் எதிர்ப்பொருளை ஒரே ஒரு ஊசி போட்டால், அந்தச் செல்களில் பெரும்பகுதி கரைந்து போகும். மிஞ்சியவை வேகமாகப் பெருகி, பின்னல் சுரந்து, இடத்தை நிரப்பும். அந்த வாரத்தில் ஸ்லைடைப் பார்த்தால் சிறுநீரகம் போயிற்று என்பாய். சில வாரம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய பழையபடி இருக்கும். கூடுதலாகச் சுரந்ததையும் அவையே கரைத்துவிடும். அதே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால்தான் தழும்பு நிலைக்கிறது. எலியை விடு. சிரங்கு வந்த குழந்தைக்குச் சில வாரம் கழித்து முகம் வீங்கி, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போவதை நம் ஊர்ப் பெரியாஸ்பத்திரிகளில் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பின்வரும் நெஃப்ரைட்டிஸ் அது. அந்த நேரத்தில் கிளாமருலஸ் முழுக்கச் செல்கள் பெருகி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தடம் தெரியாமல் ஆறிவிடும். அதனால் நீ தேட வேண்டியது, பழுது பார்க்க வந்த செல் ஏன் நிறுத்தவில்லை என்பதை.

அதற்கு ஒரு பெரிய தடயம் 1990-ல் கிடைத்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வெய்ன் பார்டர் குழு, காயப்பட்ட கிளாமருலஸ் செல்கள் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதத்தைச் சுரப்பதையும், அது பின்னல் சுரக்கும் வேலையைத் தூண்டுவதையும் காட்டியது. அந்தப் புரதத்தை எதிர்க்கும் சீரத்தை எலிக்குக் கொடுத்தபோது பின்னல் குவிவது குறைந்தது. சர்க்கரையும், ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனும், தந்துகியை இழுத்து விரிக்கும் அழுத்தமும் மெசாஞ்சியல் செல்லை அதே புரதத்தைச் சுரக்க வைக்கின்றன என்று பிறகு தெரிந்தது.

இப்போது நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். "அப்புறம் என்ன பெரியப்பா, அதை மறிக்கிற ஊசியைப் போட்டுவிட வேண்டியதுதானே?" உனக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் எஃப்.எஸ்.ஜி.எஸ். உள்ளவர்களுக்கும் அத்தகைய எதிர்ப்பொருள் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவுகள் வெளிவந்தன. முதல் சோதனை பலன் தெரியாததால் பாதியில் நின்றது. இரண்டாவது எதிர்பார்த்த அளவுக்குப் புரத ஒழுக்கைக் குறைக்கவில்லை. அந்தப் புரதம் வெறும் தழும்பு போடும் ஆள் அல்ல என்பதும் முன்பே தெரிந்த விஷயம்தான். டி.ஜி.எஃப்.-பீட்டா 1 இல்லாமல் பிறக்கச் செய்த சுண்டெலிகள் சில வாரங்களிலேயே உடம்பெங்கும் அழற்சி பரவிச் செத்துப்போயின. 1992-ல் வெளிவந்த ஆய்வு அது. அழற்சியை அடக்கி வைப்பதும் அதே புரதம்தான்.

சரி, உன் தோழியின் விஷயத்துக்கு வருகிறேன். எஃப்.எஸ்.ஜி.எஸ். என்றால் சில கிளாமருலஸ்களில் மட்டும், அவற்றிலும் ஒரு பகுதியில் மட்டும் தழும்பு விழுந்திருக்கிறது என்று பொருள். தழும்பு எப்படி விழுந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது, எதனால் என்பதை அல்ல. காரணம் பலவாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் டாக்டர் இன்னும் சோதனைகள் எழுதியிருப்பார், பணம் பிடுங்க அல்ல. காரணம் எதுவானாலும் கதை ஒரே செல்லில் வந்து முட்டுகிறது. போடோசைட்.

இதைப் பற்றிக் கொஞ்சம் நிறைய எழுதுவேன், பொறுத்துக்கொள். ஒரு கிளாமருலஸில் போடோசைட்டுகள் சில நூறுதான் இருக்கும். ஒவ்வொன்றும் பெரிய கிளைகளும், அவற்றிலிருந்து பொடிப்பொடிக் கால்களும் விட்டு, பக்கத்துச் செல்லின் கால்களோடு இடைவிட்டுக் கோத்துக்கொண்டு தந்துகியைச் சுற்றிப் பிடித்திருக்கும். கால்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடுக்கில் நெஃப்ரின் என்ற புரதம் வலை கட்டியிருக்கிறது. பிறந்ததிலிருந்தே புரதம் ஒழுகும் பின்லாந்துக் குழந்தைகளை வைத்து, கார்ல் த்ரிக்வாசன் குழு 1998-ல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது. அதன் பின் போடோசின், ஆல்ஃபா-ஆக்டினின் 4, டி.ஆர்.பி.சி. 6 என்று வரிசையாக மரபணுக்கள் வந்தன. எல்லாமே போடோசைட்டின் வலையையோ உள்சட்டத்தையோ சேர்ந்தவை. அவற்றில் ஒன்று பழுதானாலும் கிளாமருலஸே தழும்பாகிறது. மெசாஞ்சியல் செல்லின் மேல் இருந்த பழி இறங்கத் தொடங்கியது அப்போதுதான்.

போடோசைட்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு. முதிர்ந்த பிறகு அது பெருகாது. மெசாஞ்சியல் செல் செத்தால் பக்கத்தில் இருப்பது இரண்டாகும். என்டோதீலிய செல்லும் அப்படியே. போடோசைட் போனால் போனதுதான். இரண்டாகப் பிரிய வேண்டுமானால் செல் தன் உள்சட்டத்தைக் கலைத்துக் காலை விட வேண்டும். ஓயாமல் நீர் வடிந்துகொண்டிருக்கும் இடத்தில் காலை விட்டால் சிறுநீரோடு போக வேண்டியதுதான். உண்மையில் அப்படிப் போகவும் போகின்றன; நோயாளிகளின் சிறுநீரில் போடோசைட்டுகளைப் பார்க்க முடிகிறது. மிஞ்சியவை பெருக முடியாததால் பருக்கின்றன, காலை நீட்டிக் காலி இடத்தை மூடப் பார்க்கின்றன. அதற்கும் ஒரு எல்லை உண்டு.

எவ்வளவு போனால் ஆபத்து? அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரோஜர் விக்கின்ஸ் குழு இதை 2005-ல் அழகாக அளந்தது. தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சு மனிதச் செல்லைக் கொல்லும், எலிச் செல்லை அவ்வளவாகத் தொடாது. எலியின் போடோசைட்டில் மட்டும் அந்த நஞ்சுக்கான மனித ஏற்பியைப் பொருத்தினார்கள். இனி நஞ்சின் அளவைக் கூட்டிக் குறைத்து, எத்தனை போடோசைட் சாக வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கலாம். வேறு எந்தச் செல்லையும் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள். 20 சதவீதம் வரை போனால் மெசாஞ்சியம் கொஞ்சம் விரிந்தது, புரதம் சில நாள் ஒழுகி நின்றது. 20 முதல் 40 சதவீதம் போனபோது தந்துகிச் சுருள் பௌமானின் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு, உன் தோழியின் ரிப்போர்ட்டில் இருப்பது போன்ற பகுதித் தழும்புகள் விழுந்தன. 40-க்கு மேல் போனபோது முழு கிளாமருலஸும் தழும்பாகி, புரதம் கொட்டி, சிறுநீரகமே செயலிழக்கத் தொடங்கியது. இரண்டாம் கட்டத்தில், அதாவது தழும்பு விழுந்துவிட்ட நிலையிலும், எலியின் சிறுநீரகச் செயல்பாடு சாதாரணமாகவே இருந்தது. சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தச் சோதனையை வைத்து "கிரியாட்டினின் நார்மல்தானே, அப்புறம் என்ன" என்று உன் தோழியின் வீட்டில் யாராவது சொல்வார்கள். சொல்வது நீயாக இருக்காதே.

தழும்பு ஏன் ஒரு மூலையில் மட்டும் விழுகிறது? ஹைடல்பெர்க்கின் வில்ஹெல்ம் க்ரிஸ் மைக்ராஸ்கோப்பில் பொறுமையாகத் தொடர்ந்து பார்த்துச் சொன்ன விளக்கம் எனக்குப் பிடிக்கும். ஓர் இடத்தில் போடோசைட் கழன்றுவிட்டால் அங்கே அடித்தளச் சவ்வு வெறுமையாகிறது. உள்ளே ரத்த அழுத்தம் தள்ள, அந்த வளையம் உப்பிக் கிண்ணத்தின் சுவரைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் உள்பூச்சான பாரைட்டல் செல் வெற்றுச் சவ்வின் மேல் ஏறிப் பற்றிக்கொள்கிறது. ஒட்டு விழுந்தாயிற்று. அந்த வளையத்திலிருந்து வடியும் நீர் கிண்ணத்துக்குள் விழாமல் சுவரின் பக்கமாகக் கசிந்து பரவுகிறது. பக்கத்திலிருக்கும் போடோசைட்டுக்கு இப்போது கூடுதல் சுமை, அதுவும் கழலும். மூலையில் ஆரம்பித்தது பரவும் வழி இதுதான்.

இப்போது நான் பின்னால் வரும் என்று சொன்ன செல். ஜெர்மனியின் ஆகன் நகரில் மார்க்கஸ் மோல்லர் குழு, சுண்டெலியின் பாரைட்டல் செல்களுக்கு மட்டும் அழியாத அடையாளம் போட்டுவிட்டு, அவை எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தது. 2011-ல் வெளியிட்டார்கள்: தழும்புக்குள் அடையாளம் போட்ட செல்கள் இருந்தன. கிண்ணத்தின் சுவரைவிட்டுச் சுருளின் மேல் நகர்ந்து, அங்கே உட்கார்ந்து பின்னல் சுரந்திருந்தன. இத்தாலியில் ஃப்ளாரன்ஸின் பாவோலா ரொமன்யானி குழுவோ, இதே பாரைட்டல் செல்களில் ஒரு பகுதி போடோசைட்டாக மாறக்கூடியவை என்கிறது. போன போடோசைட்டின் இடத்தை நிரப்பத்தான் அவை வருகின்றனவா? வந்த இடத்தில் தடம் மாறித் தழும்பு போடுகின்றனவா? இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டும் நடக்கலாம் என்பதே என் எண்ணம். எந்தச் சூழலில் எது என்பதைச் சொல்பவருக்கு ஒரு நல்ல மருந்தும் கிடைக்கும்.

என்டோதீலிய செல்லை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அது பிழைத்திருக்கப் போடோசைட் சுரக்கும் வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதம் வேண்டும். புற்றுநோய்க்காக அதைத் தடுக்கும் பெவாசிஜுமாப் மருந்து எடுப்பவர்களில் சிலருக்குச் சிறுநீரில் புரதமும் ரத்த அழுத்தமும் ஏறுவது இதனால்தான். போடோசைட் கெட்டால் என்டோதீலியம் வாடும், என்டோதீலியம் வாடினால் மெசாஞ்சியம் கிளறப்படும். ஆளைப் பிரித்துப் பிரித்து எழுதியது உனக்குப் புரிவதற்காக. அங்கே யாரும் தனியாக இல்லை.

இனி மாத்திரை. உன் தோழிக்கு பி.பி. இல்லை, பிறகு ஏன் பி.பி. மாத்திரை என்று கேட்டிருந்தாய் அல்லவா? பாஸ்டனில் பாரி பிரென்னர் குழு 1982-ல் ஒரு கருத்தை முன்வைத்தது. கொஞ்சம் கிளாமருலஸ்கள் தழும்பாகிப் போனால் மிஞ்சியவை ஆளுக்குக் கூடுதலாக வடிக்கின்றன; அதற்காக அவற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது; அந்த அழுத்தமே அடுத்த சுற்றுத் தழும்புக்கு வித்திடுகிறது. இந்த அழுத்தத்தைக் கையில் பட்டி கட்டிப் பார்க்க முடியாது. ஆஞ்சியோடென்சின், கிளாமருலஸிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயை இறுக்கி அந்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. அதைத் தடுக்கும் பி.பி. மாத்திரை வெளிவழியைத் தளர்த்துகிறது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளில் அந்த வகையைச் சேர்ந்த கேப்டோப்ரில் மாத்திரை, சிறுநீரகம் கெடும் ஆபத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததை 1993-ல் காட்டினார்கள். பிறகு, சர்க்கரைக்காக வந்த எஸ்.ஜி.எல்.டி. 2 தடுப்பு மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் காப்பது தெரிந்தது. அவை ரத்தம் உள்ளே வரும் குழாயைச் சற்று இறுக்குகின்றன.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்வார்கள். இந்த மாத்திரைகளைத் தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். அழுத்தம் இறங்கினால் வடிவதும் சற்று இறங்கும், அவ்வளவுதான். "மாத்திரை கிட்னியைக் கெடுக்குது, உப்பு ஏறிடுச்சு" என்று தானாக நிறுத்திவிட்டு வருகிறவர்களை ஆஸ்பத்திரி நடைபாதையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எவ்வளவு ஏறலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்காகத்தான் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தமும் பொட்டாசியமும் பார்க்க வரச் சொல்கிறார். இன்னொன்று, ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரைகள் கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது. உன் தோழிக்குக் கல்யாணம், குழந்தை என்று பேச்சு வரும்போது டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதை அவள் அம்மாவுக்கும் சொல்லி வை.

"அப்போ ஒரு கிட்னியைத் தானம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தழும்பு விழுமா?" விழாது. அவர்களிடம் மிஞ்சுவது ஆரோக்கியமான ஒரு முழுச் சிறுநீரகம். சுமை கொஞ்சம் ஏறினாலும் பெரும்பாலானோர் நன்றாகவே இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் அவ்வளவு பரிசோதனை செய்வது அதற்காகத்தான். "நிறையத் தண்ணீர் குடித்தால் தழும்பு கரையுமா?" கரையாது. கால் வீங்கியிருக்கும்போது குடம் குடமாகக் குடித்தால் வீக்கம்தான் கூடும்.

ரிப்போர்ட்டில் கிளாமருலஸைப் பற்றி எழுதியதை மட்டும் படித்துவிட்டு வைத்துவிட்டாய் போலிருக்கிறது. கீழே நுண்குழல்களுக்கு நடுவே எத்தனை சதவீதம் தழும்பு என்று ஒரு வரி இருக்கும், அது எவ்வளவு? ஒழுகிய புரதம் நுண்குழல் செல்களை வதைக்க, அவை அழற்சியைக் கூப்பிட, நடுவில் கிடக்கும் நார்செல்கள் கொலாஜன் சுரக்கின்றன. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை கிளாமருலஸ் தழும்பைவிட இந்த வரி நன்றாகச் சொல்லும். இது 1960-களிலேயே தெரியும். ஆனாலும் எல்லோரும் கிளாமருலஸை எண்ணிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, நீ கேட்கத் தயங்கிய கேள்வி: விழுந்த தழும்பு போகுமா? முழுசாக மூடிப்போன கிளாமருலஸ் திறக்காது. பிறந்த பிறகு நமக்குப் புதிய நெஃப்ரான், அதாவது கிளாமருலஸும் அதன் நுண்குழலும் சேர்ந்த அலகு, உண்டாவதும் இல்லை. பாதியில் நிற்பவற்றின் கதை வேறு. மினசோட்டாவில் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் எட்டுப் பேருக்குக் கணையத்தை மாற்றிப் பொருத்தி, சர்க்கரை சீரான பிறகு ஐந்தாம் வருஷமும் பத்தாம் வருஷமும் சிறுநீரக பயாப்ஸி எடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் வருஷத்தில் எதுவும் தேறவில்லை. அதோடு ஆய்வை முடித்துக்கொண்டிருந்தால் பலனில்லை என்றுதான் அச்சில் வந்திருக்கும். பத்தாம் வருஷத்தில் தடித்த சவ்வு மெலிந்திருந்தது, மெசாஞ்சியத்தில் குவிந்த பின்னல் குறைந்திருந்தது. பாவோலா ஃபியோரெட்டோ 1998-ல் இதை வெளியிட்டார். அவர்கள் எல்லோரும் சர்க்கரைக்காரர்கள். உன் தோழிக்கு வந்திருப்பது வேறு. அதனால் "பத்து வருஷத்தில் மறைஞ்சிடும்னு பெரியப்பா சொல்லிட்டார்" என்று போய் ஒப்பிக்காதே. அவளுக்கு இப்போது செய்ய முடிந்தது, புரதம் ஒழுகுவதைக் குறைத்து, மிஞ்சிய போடோசைட்டுகள் கழலாமல் பார்ப்பது. அதற்கான மருந்துகள் அவளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மறக்காமல் போடுகிறாளா என்று பார்.

அன்புடன்,
பெரியப்பா

பி.கு.: சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் பொடி என்று அவள் அத்தை ஏதோ வாங்கி அனுப்பியிருக்கிறார் என்றாயே, அதை டப்பாவோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல். அங்கே சுத்தம் செய்ய அழுக்கு எதுவும் இல்லை. அத்தையிடம் நீ போய் வாதாடாதே, உனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிட்டால் போதும். தலைவலிக்கு அவளாக வலி மாத்திரை வாங்கிப் போடுவதையும் நிறுத்தச் சொல்.